அடியில் வைத்த பொட்டு

பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு, பிழைக்க வந்த தெலுங்கு நாட்டில் ஹப்சிகுடா பக்கம் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது முருகன் போட்ட பிச்சை. கண்ணாடிச் சாமான் கழுவுவதில் தொடங்கி, நாளடைவில் நிறுக்கும் வேலையும் என் கைக்கு வந்தது. தராசு இருந்த அறைக்குள் நான் செருப்போடு போனதில்லை.

ஒரு புரட்டாசியில் பட்டான்செருவிலிருந்து ஒரு கம்பெனியின் வெள்ளைத் தூள் வந்தது. விதையில் பூசணம் பிடிக்காமல் இருக்கப் பூசுகிற மருந்து. அதிலிருந்து ஆவி கிளம்புகிறதா, எவ்வளவு என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும்; அந்த ஆவி நரம்பைக் கெடுக்கும். ஆவி அதிகம் என்றால் மூட்டை கட்டும் கொட்டகையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்து, ஆட்களுக்கு நல்ல முகமூடியும் தர வேண்டும். இல்லையென்றால் மூக்கில் துணி கட்டினால் போதும். அந்தக் கொட்டகையில்தான் என் மனைவியின் தம்பி வேலை பார்த்தான்.

கட்டைவிரல் அளவு எஃகுக் கிண்ணம், மூடியில் ஊசிமுனைத் துளை. தூளைப் போட்டு மூடி முதலில் நிறுப்போம். பிறகு காற்றை உறிஞ்சிய கூட்டுக்குள் வைத்துச் சூடாக்கினால், ஆவி அந்தத் துளை வழியே வெளியேறும். மறுபடி நிறுத்தால் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. குறைவதெல்லாம் மில்லிகிராமில். விரல் பட்டால்கூட எடை மாறும் என்று கிண்ணத்தை இடுக்கியால்தான் எடுப்போம்.

முதல் எடையை எழுதிய மறுநாள் ஆயுதபூஜை. பம்பு, தராசு எல்லாவற்றுக்கும் நான்தான் வருஷாவருஷம் சந்தனம் குங்குமம் வைப்பேன். மச்சினன் நெஞ்சுக்குள் போகிற சமாசாரம், கிண்ணத்தை மட்டும் விடலாமா? மூடியில் வைத்தால் துளை அடைபடும். விரலும் படக் கூடாது. இடுக்கியால் தூக்கிப் பிடித்து, தீக்குச்சி நுனியால் அடியில் ஒரு பொட்டு வைத்தேன். "முருகா, உள்ளதைக் காட்டு" என்று கும்பிட்டேன். இவ்வளவு கவனமாக இருந்தவனுக்கு, அந்தப் பொட்டுக்கும் எடை உண்டு என்பது உறைக்கவில்லை.

லீவு முடிந்து சூடாக்கி நிறுத்தோம். எடை குறைந்த மாதிரியே இல்லை.

"கல்லு மாதிரி உட்கார்ந்திருக்குய்யா! இதுக்குப் போய் விசிறியாம், முகமூடியாம்" என்றார் எங்கள் அதிகாரி, மதுரைக்காரர். மூன்று முறை அளக்க வேண்டியதை ஒரே முறையோடு நிறுத்தி, அன்றே அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கிண்ணத்தைக் கழுவும்போது, அடியில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது கையில் தட்டியது. எனக்குத் தண்ணீர்க் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. ஆவியாய்ப் போன எடையைப் பொட்டின் எடை ஈடுகட்டியிருக்கிறது. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சரி, மாத்தி எழுதுறேன். எப்படி எழுதட்டும்? 'எங்க அட்டெண்டர் கிண்ணத்துக்குக் குங்குமம் வச்சுட்டாரு, மன்னிக்கவும்'னா? டெல்லியில பட்டாசு வெடிக்கிற மாதிரி சிரிப்பான். அப்புறம் உம்மை வீட்டுக்கு அனுப்புவான். எத்தனை பிள்ளைங்க உமக்கு?"

"மூணு சார்."

"எழுதட்டுமா? நீரே சொல்லும்."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்வதற்காக நிஜமாகவே காத்திருந்தார்.

"வேண்டாம் சார்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். "அத்தான், நம்ம பவுடரை உங்க லேப்லதான் பார்த்தாங்களாம்ல? ஒண்ணும் பயமில்லைன்னு வந்துடுச்சாம். மேனேஜர் ஆளுக்கு ரெண்டு துணி கொடுத்து, இதுவே ஜாஸ்தின்னுட்டாரு."

"உங்க அத்தான் நிறுத்ததுலே, தப்பு வருமா?" என்றாள் என் மனைவி, அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்து.

"அந்த வேலை நக்கோ, வேற பாரேன்" என்று அவன் கொட்டகையில் பழகிய உருதுப் பேச்சைக் கலந்து, வேண்டாமே என்று விளையாட்டாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

"கைக்கு அத்தான், எதுக்கு விடணும்? நீங்களே சர்ட்டிபிகேட் கொடுத்துட்டு?" என்று சிரித்தான்.

இரண்டு வருஷத்தில் அவன் கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரைப் பிடித்தால் பாதி காபி மடியில் கொட்டும். மூட்டை தைக்க முடியாமல் போனதும், குடித்துவிட்டு வருகிறான் என்று எழுதிக் கம்பெனி அவனை நிறுத்தியது. தூளால்தான் நடுக்கமோ என்று அவன் கேட்டதற்கு, எங்கள் அறிக்கையைத்தான் எடுத்துக் காட்டினார்களாம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கள் வீட்டில் அழுதுகொண்டு நின்றான். என் மனைவி அவனைத் தோளில் அடித்தாள். "ஏலே, நெசத்தச் சொல்லு. எத்தனை நாளா குடிக்கிற?"

"சத்தியமா இல்லக்கா."

"சத்தியமா? அப்ப சாமி முன்னால கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

நான் அப்போதுதான் பூஜை முடித்து, கற்பூரத் தட்டோடு நின்றிருந்தேன். அவன் வந்து சுடருக்கு மேலே கையை நீட்டினான். கை அப்படி ஆடியது. சுடரும் சேர்ந்து ஆடியது.

"பாருங்க, பொய்ச் சத்தியம்னு கையே சொல்லுது" என்றாள் அவள் என்னிடம். "இனி இந்த வாசப்படி ஏறாத."

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். கற்பூரம் முழுதும் எரிந்து முடியும்வரை எனக்கு நேரம் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்ட அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. "அத்தான், நீங்களாவது நம்புறீங்கல்ல?" என்றான்.

"இருட்டுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடி" என்றேன்.