லாச்சப்பலில் நான் போர்த்தாத பொன்னாடை

உலக இசை வரலாறு என்னை அழைத்தபடியால், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குப் புறப்பட்டேன். உண்மையில் அழைத்தது என் தங்கச்சி. அவளுடைய மகள் மதுரா முதன்முறையாகத் தன் சொந்தப் பாட்டுகளை மட்டும் பாடப்போகிறாள், மண்டபம் நிரம்பாதோ என்று தாய்க்குப் பயம். நான் போய் இருந்தால் பாதி மண்டபம் நிரம்பிவிடும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்ததே.

ஸ்ராஸ்பூர்க்கில் இருந்து ரயில் ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம். முன்கூட்டியே எடுத்தால் 39 யூரோ. கார் து லெஸ்ட் நிலையத்தில் இறங்கி மெத்ரோ தேடாதீர்கள், நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலின் ரூ காய் தெரு பதினைந்து நிமிட நடை. (எனக்கு இருபத்தைந்து. வழியில் மூன்று சிற்றுண்டிக் கடைகளின் ரோல்ஸ் என்னைத் தடுத்தன.) அங்கே ஒரு புடைவைக் கடையில் 18 யூரோவுக்குப் பொன்னாடை வாங்கினேன். கண்ணாடி போடாமல் பார்த்தால் சோழச் சக்கரவர்த்திக்கு நெய்தது போலிருக்கும். சட்டைப்பையில் பதினொரு பக்க வாழ்த்துரை.

மதுராவுக்கு விமான நிலையத்தில் வேலை. ஒன்பது வருடமாக நம் கலியாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுப் பாடியவள். மனம் கிடந்ததோ 'சோல்' இசையில். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் வலியையும் வழிபாட்டையும் கலந்து உண்டாக்கிய இசை அது. அதன் வழியில் அவள் தமிழில் பாட்டெழுதுகிறாள். அடித்தொண்டைக்கு அவள் இறங்கினால் ஈபிள் கோபுரம் இரண்டு அங்குலம் தாழும்.

நகைக்கடை முதலாளி ஒருவர் மண்டபச் செலவு முழுவதையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் கடைப் பதாகை தொங்க வேண்டும், நடுவில் மூன்று சினிமாப் பாட்டு வரவேண்டும். அவள் மறுத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மண்டபத்தைத் தானே எடுத்திருந்தாள். எண்பது கதிரை. இன்று எடுபடாவிட்டால் லாச்சப்பலில் இனி அவளுடைய பாட்டுக்கு இடம் கிடைக்காது.

மூன்றரைக்குப் போனேன். வாசல் மேசையில் அவளே ரிக்கற் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பன்னிரண்டு யூரோ."

"நான் பிரதம விருந்தினர், பிள்ளை!"

"இண்டைக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை. பேச்சும் இல்லை. பையுக்கை என்ன, பொன்னாடையே?"

"ஓம்."

"பேச்சு எத்தினை பக்கம்?"

"பதினொண்டு."

"கடவுளே! அதை வீட்டை கொண்டுபோய் மாமிக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

முதலாளியைப் பகைக்கப் பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா மற்றாக்களின்ரை குரலிலை பாடிப் பாடி, என்ரை குரல் எனக்கே பிடிக்காமல் போட்டுது மாமா. அதைத் திருப்பி வீட்டை கூட்டிக்கொண்டு வரவேணும். அவ்வளவுதான்."

பதினொரு பக்கத்திலும் நான் இப்படி ஒரு வரி எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு யூரோவைக் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர். முதல் பாட்டு முடிய, மழைத்தூறல் போலக் கைதட்டல். பின்வரிசையில் இருந்த ஒருவர், "தங்கச்சி, தெரிஞ்ச பாட்டு ஒண்டு எடுத்து விடும்!" என்று கத்தினார். சபை சிரித்தது. எனக்கு வியர்த்தது.

மதுராவும் சிரித்தாள். "அண்ணை, இதையே மூண்டு தரம் கேளுங்கோ, தெரிஞ்ச பாட்டாகிடும்."

அதே பாட்டை மறுபடி பாடினாள். மூன்றாம் தரம் பல்லவியை எல்லோரிலும் உரக்கப் பாடியவர் அந்த அண்ணைதான். சமையற்கட்டில் நின்றவர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "வாற மாசமும் வாரும் பிள்ளை" என்றார்.

கடைசியில் அவள் கையை நீட்டினாள். "மாமா, அந்தப் பொன்னாடையைத் தாங்கோ."

நான் கம்பீரமாக எழுந்தேன். அவள் அதை வாங்கி, விரித்து, தன் தோளில் தானே போர்த்திக்கொண்டாள்.

"ஆராவது போர்த்துவினம் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு நானே."

ஐம்பத்து மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐயாயிரம் பேர் என்று எழுதத்தான் ஆசை. இந்த ஒரு இடத்தில் எண்ணிக்கையைக் கூட்ட மனம் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அரை மணி முன்னதாகப் போங்கள், இடைவேளைத் தேநீர் ஒன்றரை யூரோ, முன்வரிசைக் கதிரைகள் ஒடுக்கமானவை. வாழ்த்துரை கொண்டுபோவதானால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையைத் திரும்பும் ரயிலில் அதன் பின்பக்கங்களில்தான் எழுதினேன்.