கொடி படுக்கும் வரை

பஸ் வருவதற்குள் பாதி தூரம் நடந்துவிடுகிற மனுசன் வெள்ளைச்சாமி. சோறு வேகும்வரை மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பார். ஐம்பத்தெட்டு வயதாகியும் கறம்பக்குடிப் பக்கம் அவரைப்போல் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவர் இல்லை.

அவர் வீட்டில் இரண்டு ரக நாட்டு நிலக்கடலை உண்டு. குத்துக்கடலைச் செடி நிமிர்ந்து நிற்கும், சீக்கிரம் விளையும். கொடிக்கடலை தரையோடு படர்ந்து நாலரை மாசம் இழுத்தடிக்கும், ருசியோ தனி. அது மனைவி பிரகதாம்பாள் அரிமளத்திலிருந்து கல்யாணத்தோடு கொண்டுவந்த விதை. கடலையே கப்பலேறி வந்த பயிர் என்று விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் சொன்னபோது, "எங்க வீட்டுக்கு அரிமளம் பஸ்ஸுலதாம்ப்பா வந்துச்சு" என்றார்.

இந்த வருசம் அரிமளத்திலேயே அந்த விதை அற்றுப்போனது. "மாப்ள, எங்க வீட்டு வெதைய எங்களுக்கே கொஞ்சம் குடுங்க" என்று பிரகதாம்பாளின் அண்ணன் சோலையப்பன் கேட்டார். இருந்ததோ ஒரே ஒரு மரக்கால். விதைத்துப் பெருக்கித் தருவதாக வெள்ளைச்சாமி வாக்குக் கொடுத்தார்.

ஆடியில் மழை விழுந்ததும் நம்ம ஆளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விதைக்கடலையை ஓட்டோடு வைத்திருந்து, விதைப்புக்கு முன்புதான் ரகம் ரகமாக உடைப்பது வழக்கம். அவசரத்தில் இரண்டையும் ஒரே சாக்கில் உடைத்துக் கொட்டிவிட்டார். இரண்டு பருப்பும் ஒரே சிவப்பு, பிரிக்க வழியில்லை. மனைவியிடம் மூச்சுவிடாமல் அப்படியே விதைத்தார். முளைத்தபின் நிமிர்ந்து நிற்பதைப் பிடுங்கிவிட்டால் கொடி தங்கிவிடும் என்பது அவர் யோசனை. யோசனை சரிதான். பொறுமை இருக்கிறவனுக்கு.

விடிந்தால் வயல், உச்சிக்கு வயல், பொழுது சாய வயல். பதினேழாம் நாள் பொறுக்கமாட்டாமல் இறங்கினார். சற்றே சாய்ந்தாற்போல் தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டார்.

சோறு கொண்டுவந்த பிரகதாம்பாள் வரப்பில் குவிந்த செடிகளைப் பார்த்து விக்கித்துப்போனாள். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஏங்க, கொடி ஒரு மாசத்துக்கு மேலதானே படுக்கும்! அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணுபோலதானே நிக்கும்! ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நாற்பது வருசமாகத் தெரியும்.

அவள் அழுதாள். பிறகு வாடாத செடிகளைப் பொறுக்கி ஊன்றித் தண்ணீர் ஊற்றினாள். "இனிமே இங்கிட்டுக் கால் வைக்காதீங்க."

நாற்பதாம் நாள் அவளே கூப்பிட்டாள். வயல் முழுக்கத் தேடியும் கொடி படுத்திருந்தது பதினோரு செடிதான். வெள்ளைச்சாமி குனிந்து ஒன்றைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் சோலையப்பனுக்கு அவரே போன் போட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மச்சான், அவசரப்பட்டு வெதையக் கெடுத்துட்டேன். பதினோரு செடிதான் மிச்சம். ரெண்டு வருசம் பொறுத்துக்கங்க."



"பொறுக்கச் சொல்றது நீங்களா, மாப்ள?" என்றார் சோலையப்பன்.