ஓசி டூர் அன்னக்கிளி

அன்னக்கிளியைப் பத்தி எங்கிட்ட யாரும் புகழ்ந்து பேச வேணாம். கட்டிக்கிட்டவன் நான். கொல்கத்தாவுல, காளிகாட் மெட்ரோவுலேருந்து லேக் மார்க்கெட் போற வழியில இட்லி மாவு, அப்பளம், நல்லெண்ணெய், சாம்பார் பொடி விக்கிற சின்னக் கடை ஒண்ணு இருக்கே, அதுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பானே, அந்தப் பெத்துராஜ் நான்தான். உளுந்து ஊறப் போடறது நான், கிரைண்டரைக் கழுவறது நான், வர்றவங்களைப் பாத்துச் சிரிக்கறது மட்டும் அவ. அதுலயும் வியாழக்கிழமை வந்துட்டா மத்தியானத்துக்கு மேல ஆளக் காணோம். ஊர் சுத்தப் போயிருவா.

தனியாப் போய்த் தொலைஞ்சாலும் பரவாயில்ல. பேங்க்ல மாத்தலாகி வந்த ஆபீசர் வீட்டம்மா, பரீட்சை எழுத வந்த பிள்ளைங்க, மக பிரசவத்துக்கு வந்த சம்பந்திங்கன்னு யாராவது கடையில நின்னு, "இந்த ஊர்ல என்னக்கா பாக்கறது?"ன்னு வாயைத் திறந்தாப் போதும். "வியாழக்கிழமை வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்"னுருவா. டிக்கெட்டே இல்லாத இடம், இருந்தாலும் ஒரு டீயும், ஷிங்காரான்னு இந்த ஊர்ல சொல்ற சமோசா ரெண்டும் திங்கிற காசுக்குள்ள முடியற இடம். அதுக்கு மேல ஒரு பைசா செலவழிக்க விட மாட்டா. கையில புளிச்சோத்து டப்பா, தண்ணி பாட்டில், குடை. லேக் மார்க்கெட் தமிழ் ஆளுங்க அவளுக்கு வச்ச பேரு 'ஓசி டூர் அக்கா'. அதைக் கேட்டா இந்தக் கிறுக்கச்சிக்குப் பெருமை வேற.

நாங்க சாத்தூர் பக்கம். கல்யாணமான புதுசுல எங்க சித்தப்பாவோட இந்தக் கடையைப் பாத்துக்கிட வந்தோம். வந்த வாரமே சித்தப்பா, "கங்கையைப் பாக்க வேணாமாடா? புதுப்பொண்ணைக் கூட்டிக்கிட்டு பாபு காட்டுக்குப் போயிட்டு வா"ன்னாரு. எங்க ஊர்ல ஆளை எடுத்துட்டுப் போயி எரிக்கிற இடத்துக்குத்தான் காடுன்னு பேரு. கழுத்துல மஞ்சக்கயிறு காயாத பொண்ணை எவனாவது அங்க கூட்டிட்டுப் போவானா? போதாக்குறைக்கு ரோட்டுல கண்டக்டர் பஸ்ஸைத் தட்டித் தட்டி, "பாபு காட், பாபு காட்"னு கூவி ஆளு சேக்குறான். அடப்பாவிகளா, இதுக்குமாடா கூவுவீங்கன்னு நான் கடைக்குள்ள போயி உக்காந்துட்டேன்.

அன்னக்கிளி என்ன செஞ்சா தெரியுமா? அந்த பஸ்ஸுல ஏறிட்டா! பாஷை தெரியாது, வழி தெரியாது. சாயங்காலம் முழங்கால் வரைக்கும் நனைஞ்ச சேலையோட வந்து நின்னு, "ஏங்க, காட்னா படித்துறைங்க. அம்புட்டுத் தண்ணிங்க!"ன்னு ரெண்டு கையையும் விரிச்சா. குடத்தை வரிசையில போட்டுட்டு லாரிக்காகக் காத்துக்கிடந்தவளுக்குத் தண்ணின்னா சும்மாவா. அன்னிக்குப் பிடிச்ச கிறுக்கு இருபத்தாறு வருஷமா இறங்கல. நான் அந்தக் காட் பக்கமே எட்டிப் பாக்கல. முதல்ல பயம், அப்புறம் சோலி, அப்புறம் வீம்பு. கடை, வீடு, படாபஜார் பருப்பு மண்டி, அவ்வளவுதான் எனக்குக் கொல்கத்தா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க மகன் முருகானந்தம் கோயம்புத்தூர்ல வீடு வாங்கிட்டான். "ரெண்டு பேரும் வந்துருங்கப்பா, அந்த மாவுச் சட்டியைத் தூக்கினது போதும்"னு போன்ல ஒரே பிடிவாதம். என் இடுப்பும் அவன் கட்சிதான். பெஹாலாவுல முறுக்குக் கடை வச்சிருக்கற மாணிக்கம் எங்க கடையை எடுத்துக்கிடத் தயாரா இருந்தான். "வியாழக்கிழமை சாயங்காலம் போன் போடறேண்ணே. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்"னான். நானும் மனசுக்குள்ள சரின்னு சொல்லிட்டேன்.

அன்னக்கிளிகிட்டச் சொன்னப்ப சண்டை போடுவான்னு நினைச்சேன். போடல. அழல. மாவுல உப்பைப் போட்டுக் கலக்கிக்கிட்டே, "ஒரு நாள் கடையைச் சாத்திட்டு என்கூட வாங்க. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் காமிச்சேன், உங்களுக்குக் காமிக்கல. பாத்துட்டு மாணிக்கத்துக்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் மறுவார்த்தை பேச மாட்டேன்"னா. எனக்கு அதுதான் பயமாயிருச்சு. கத்தினா நானும் கத்தி ஜெயிச்சிருவேன். போலாம்னு சொன்னா இவ பேசாம பெட்டியைக் கட்டிருவா. ஆனா கோயம்புத்தூர்ல போயி இறங்கறது பாதி அன்னக்கிளியாத்தான் இருக்கும்.

சரின்னு வியாழக்கிழமை காலையில கடையைச் சாத்தினேன். காளிகாட்ல மெட்ரோ ஏறி, எஸ்பிளனேடுல வேற ரயிலுக்கு மாறினோம். மாறறதுக்குப் பூமிக்குள்ள இறங்கறோம், இறங்கறோம், பாதாளம் வரைக்கும் இறங்கறோம். "எங்கடி கூட்டிட்டுப் போற?"ன்னேன். "பேசாம வாங்க"ன்னா. ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்துல ஜன்னலுக்கு வெளிய இருட்டுச் சுவர்ல நீல விளக்கா வரிசையா ஓட ஆரம்பிச்சுது.

"இப்ப ஆத்துக்கு அடியில போறோம்"னா.

"எந்த ஆத்துக்கு?"

"எத்தனை ஆறு இருக்கு இந்த ஊர்ல? கங்கைக்குத்தான்."

தலைக்கு மேல கங்கை! அதுக்கு மேல படகு, அதுக்கு மேல ஆளு, அதுக்கு மேல ஆகாசம். நான் அண்ணாந்து ரயில் கூரையைப் பாத்தேன். சுத்தி இருக்கறவன் எவனும் தலையை நிமித்தல, எல்லாரும் போனைத் தடவிக்கிட்டு இருக்கான். "எம்மாடியோவ்!"னு வாய்விட்டே கத்திட்டேன். எதிர்ல இருந்த வங்காளத்தம்மா சிரிச்சுது. அன்னக்கிளி அது காதுல என்னமோ சொல்ல, ரெண்டும் சேந்து இன்னும் சிரிச்சுதுங்க. மானம் போச்சு. போனாப் போகுது, நீங்க வேணா ஒரு தடவை போயிப் பாருங்க.

ஹவுரால மேல ஏறி வந்து, பாலத்துல நடந்து திரும்பினோம். அந்தப் பாலத்தை நான் வந்து இறங்கினப்ப டாக்சியிலேருந்து பாத்தது. நடந்து பாக்கணும். இரும்பு இரும்பா மேல போயிக்கிட்டே இருக்கு, முடியற மாதிரி தெரியல. தலையில மூட்டையோட ஆளுங்க ஓடறாங்க, பஸ் போறப்ப காலுக்கடியில பாலம் நடுங்குது. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். கீழ ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா மிதந்து போயிக்கிட்டு இருந்துச்சு. "எங்க போகுது?"ன்னேன். "கடலுக்கு"ன்னா.

பாலத்தடியில பூச்சந்தை. என்னத்தச் சொல்ல! செவ்வந்திமாலையை வடக்கயிறாட்டம் சுருட்டிச் சுருட்டி ஆளுசரத்துக்குக் குவிச்சு வச்சிருக்கான். சேறு, தண்ணி, கூச்சல், அதுக்கு நடுவுல இம்புட்டு நிறமான்னு நான் நின்னுட்டேன். பின்னால ஒருத்தன் கூடையால இடிச்சான், திட்டக்கூடத் தோணல. பூக்காரி ஒருத்தி, "பௌதி!"ன்னு கையாட்டிக் கூப்பிட்டா. அண்ணிக்கு இங்க அதுதான் பேரு. பத்து நிமிஷம் என் பொண்டாட்டியும் அவளும் சொந்தக்காரங்க மாதிரி பேசுனாங்க. கிளம்பும்போது அன்னக்கிளி, "ஆஷி"ன்னா. பூக்காரி, "எஷோ"ன்னா. ஆஷின்னா வரேன், எஷோன்னா வா. நம்மளை மாதிரியேதான், கிளம்பறவங்க போறேன்னு சொல்றதில்ல.

அங்கேருந்து பஸ் ஏறி குமார்துலி. சாமி செய்யற தெரு. துர்கா பூஜைக்கு இன்னும் நாள் இருந்துச்சு. சந்து சந்தா, கொட்டகை கொட்டகையா துர்க்கை. ஒரு பக்கம் வெறும் வைக்கோல், ஒரு பக்கம் ஈரக் களிமண்ணு, ஒரு பக்கம் பத்துக் கையையும் விரிச்சுக்கிட்டு முழுசா நிக்கறா. ஆனா கண்ணு மட்டும் இல்ல. நான் கோயிலுக்கே நல்ல நாளு பாத்துப் போறவன். சேலை கட்டாத, சாயம் பூசாத அந்த மண்ணு முன்னால கை தானாக் குவிஞ்சிருச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, பொய் சொல்லல.

கொட்டகைக்காரருக்கும் அன்னக்கிளியைத் தெரிஞ்சிருக்கு. "பௌதி, கண்ணு வரையற அன்னிக்கு வந்துரணும்"னாரு. இவ கொஞ்சங்கூட யோசிக்கல. "ஆஷி"ன்னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. கண்ணு வரையறது மகாளயத்துக்கு. அப்ப நாங்க கோயம்புத்தூர்ல இருப்போம்.

ஷோபாபஜார் காட்ல படகு ஏறினதும் அவளைப் பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டேன். "இந்தா பாரு, அன்னம். காலையிலேருந்து பாக்கறேன், வர்றேன் வர்றேன்னு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கிட்டு வர்ற. பூக்காரிகிட்ட, சாமி செய்யறவர்கிட்ட, டிக்கெட் குடுக்கறவன்கிட்டக்கூட. போறோம்னு ஒழுங்காச் சொல்லிட்டு வந்தா என்ன?"

"எனக்கு வாய் வரலங்க"ன்னா. தண்ணியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. "நம்ம வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லி வளத்தாங்களா? இவங்களுந்தான் சொல்ல மாட்டாங்க. முடிவு பண்ணது நீங்க. சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன். எனக்கென்ன பயமா?"

ஹவுரால படகு மாறி, பாபு காட்ல இறங்கும்போது வெயில் சாஞ்சிருச்சு. இருபத்தாறு வருஷம் கழிச்சு நானும் ஒரு வழியாக் காட்டுக்கு வந்து சேந்தேன். படிக்கட்டோரம் அவ வழக்கமா டீ குடிக்கிற கடை. மண்குவளையில டீ வாங்கிக் குடிச்சுட்டு, டீக்கடைக்காரர் அவளைப் பாத்துச் சிரிச்சப்ப நான் முந்திக்கிட்டேன். வாய் தவறியில்ல, கோவத்துல வேணும்னே சொன்னேன். "ஆம்ரா ஜாச்சி, தாதா." நாங்க போறோம், அண்ணே.

அந்த மனுஷன் கையில இருந்த கெட்டிலைப் பட்டுன்னு கீழ வச்சுட்டாரு. நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "சீ சீ! போறேன்னு சொல்லக்கூடாது, தாதா. ஆஷின்னு சொல்லுங்க"ன்னு வங்காளத்துல அதட்டினாரு. சின்ன வயசுல நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடற அவசரத்துல போறேம்மான்னு கத்தினா, எங்க அம்மா கரண்டியோட வாசல் வரைக்கும் வந்து, "வரேன்னு சொல்லுடா"ன்னு நிப்பாட்டும். அதே அதட்டு. அந்த ஆளு யாரு, நான் யாரு? என்னைப் போக விடாம அதட்டறதுக்கு இந்த ஊர்ல ஒரு டீக்கடைக்காரர் இருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தண்ணிப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

திரும்பினப்பத்தான் தெரிஞ்சுது. அந்த ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா மிதந்துச்சே, அது எதிர்ப்பக்கமா வந்துக்கிட்டு இருந்துச்சு. காலையில கடலுக்குப் போன பக்கத்துலேருந்து ஹவுரா பாலத்தைப் பாத்து வருது. நான் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் பாத்தேன். ஆறே திரும்பி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அம்புட்டுப் பெரிய கங்கை, பின்னால!

"என்னடி இது?"ன்னேன்.

"கடல் ஏறி வருதுங்க. தினமும் இப்படித்தான். ஆறு போகும், அப்புறம் வரும். நான் முதல் தடவை பாபு காட்டுக்கு வந்தப்பப் பாத்தது இதைத்தான். உங்ககிட்ட அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க உளுந்து கழுவிக்கிட்டு இருந்தீங்க."

படியில உக்காந்துட்டேன். ஓடற ஆத்தைக் கடல் வந்து திருப்பி விடுது, காசு கேக்காம, தினமும், கடையிலேருந்து ஒரு பஸ் தூரத்துல. இத்தனை வருஷமா என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன் நான்?

அப்பத்தான் போன் அடிச்சுது. மாணிக்கம். அன்னக்கிளி சட்டுன்னு தலையைத் திருப்பிக்கிட்டா. முந்தானை நுனியை விரல்ல சுத்திச் சுத்தி இறுக்கினதுல விரல் வெளுத்துப் போச்சு. மறுவார்த்தை பேச மாட்டேன்னு சொன்னவ, பேசல.

"சொல்லு, மாணிக்கம்... ஆங், பேசினோம்... இல்லப்பா. கடை நாளைக்குத் திறந்திருக்கும். மாவு வேணும்னா காலையிலேயே வா, பத்து மணிக்கு மேல தீந்துரும்."

போனைப் பையில போட்டேன். அவ இன்னும் திரும்பல. தோளு மட்டும் குலுங்குச்சு. "அழாதடி, எல்லாரும் பாக்கறாங்க. மாவுச் சட்டி தூக்க ஒரு ஆளு போட்டுக்கலாம். முருகானந்தத்தைப் பொங்கலுக்குப் போயிப் பாத்துட்டு வருவோம்"னேன். "கண்ணு வரையறதுக்கு நீங்களும் வரணும்"னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா. பாருங்க, அந்த நேரத்துலயும் டூரு! "வர்றேன், வராம எங்க போறேன்"னேன்.

மண்குவளையைக் கூடையில போட்டுட்டு, டீக்கடைக்காரர் பக்கம் போயி நின்னேன். கூட்டம் சேந்திருச்சு, அவரு கெட்டிலும் கையுமா இருந்தாரு. கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

"ஆஷி, தாதா."

"எஷோ, எஷோ"ன்னாரு, அடுத்த ஆளுக்கு டீ ஊத்திக்கிட்டே.