புளி போட்டுத் தேய்த்த இரும்பு

அக்கா அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கச் சேர்ந்தபோது நான் ஆறாம் வகுப்பு. ஃபிட்டர் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அது பெண்பிள்ளைக்கு ஆகாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் தலைகாட்டுவதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்ட பள்ளிக்கூடம் அந்த ஐ.டி.ஐ. அந்தக் காலத்தில் அங்கே வெல்டிங்கோ கடைசலோ படித்து முடித்தவர்கள் வேலை தேடி அம்பத்தூருக்கு ஓட வேண்டுமாம். நான் பார்த்த காலத்தில் எல்லாமே தலைகீழாகிவிட்டிருந்தது. சுற்றிலும் கம்பெனிச் சுவர்கள். தெற்கத்திப் பையன்கள் படப்பையில் ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு அங்கே வந்து படித்தார்கள். கார் மெக்கானிக் பிரிவுகூடப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். ஃபிட்டர் வகுப்பில் பெண் என்று அக்கா ஒருத்திதான்.

அப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் நிலம் ஒரு கம்பெனிக்குப் போய், அதே கம்பெனியில் அவர் புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி, மிஷின் என்று யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு எரிச்சல் வந்துவிடும்.

“பொம்பளப் புள்ள இன்னாத்துக்கு இரும்ப ராவிக்கினு? அங்கயே தையல் கிளாஸ் கீதுல்ல?” என்று ஆரம்பித்தவர், அம்மா பரிந்து பேசியதும் சற்று இறங்கி வந்தார். “சரி. மொத துண்ட உங்க சாரு பாஸ் பண்ணட்டும். பண்ணாட்டி, பூஜ லீவு முடிஞ்சதும் தையல்தான்.”

முதல் துண்டு என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புக் கட்டி. அதை அரத்தால் ராவி ராவி, ஆறு பக்கமும் சமமாக, மூலைகள் நேராகக் கொண்டுவர வேண்டும். மிஷின் பக்கம் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அக்காவின் கை கொப்பளித்தது, உடைந்தது, பிறகு காய்த்துப்போனது. சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள். அப்பா பார்த்தால் சுளிக்க மாட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஐ.டி.ஐ.யில் ஒர்க்‌ஷாப்பை ஒழித்துக் கழுவினார்கள். அந்தக் களேபரத்தில் தொலைந்துவிடப் போகிறதென்று அக்கா துண்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டாள். ஜன்னலோரம் நின்று அதன்மேல் இரும்பு மட்டத்தை வைத்து எனக்குக் காட்டினாள். இடுக்கில் துளி வெளிச்சம் தெரியவில்லை, அவ்வளவு நேர்.

“லீவு முடிஞ்சி போய்க் காட்டுனா பாஸ்தான். ஆனா தண்ணி மட்டும் படக் கூடாதுடி. பட்டுச்சின்னா துரு ஏறி எல்லாம் வேஸ்ட்டாப் பூடும்” என்றாள். அவள் வகுப்பிலேயே படித்துத் தேர்ந்தவளைப் போல நானும் தலையாட்டினேன்.

மறுநாள் காலை அக்கா பொரியும் பூசணிக்காயும் வாங்க ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போனாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கோலத்தோடு போராடிவிட்டு உள்ளே வந்தால், பூஜை வேலையெல்லாம் முடிந்திருந்தது. அப்பாவே முடித்திருந்தார்.

எங்கள் வீட்டுப் படையலில் இரண்டு வரிசை உண்டு. புத்தகங்கள் சரஸ்வதி படத்தின் முன்னால் ஒரு பக்கம். வீட்டுக்குச் சோறு போடுகிற சாமான்கள் இன்னொரு பக்கம். அதில் அப்பாவின் மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் தவிர வேறெதையும் அவர் சேர்த்ததில்லை. அம்மா ஆசையாக மிக்சியைக் கொண்டுவந்து வைத்த வருஷம்கூட அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அந்த வரிசையில், மண்வெட்டிக்கும் முன்னால், அக்காவின் துண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

பளபளப்புக்குக் காரணம் புளி. குத்துவிளக்கு தேய்த்த மிச்சப் புளியால் எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் தேய்த்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே மூன்று விரலால் சந்தனப் பட்டையும் இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். கையில் பொரிப் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“எண்ணெயும் அழுக்குமா கெடந்துச்சி. சாமி முன்னால அப்புடியா வெக்கிறது?” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல், சூடத்தை எடுத்துக்கொண்டே.

சூடம் காட்டிவிட்டால் மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. இப்போதே எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவினால் தப்பிக்கலாம். “அக்கா, தண்ணி பட்டா...” என்று நான் ஆரம்பித்தேன். அவள் என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ராவிய உழைப்பெல்லாம் போகிறதே என்று அழுகிறாள் என்றுதான் நினைத்தேன், எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் துண்டு செம்மண் கட்டி மாதிரி இருந்தது. சந்தனப் பட்டை இருந்த இடத்தில் துரு இன்னும் தடித்திருந்தது. அப்பா எழுந்து வருவதற்குள் அக்கா அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

லீவு முடிந்து ஐ.டி.ஐ.க்குப் போனவள் மாலையில் திரும்பியதும் அப்பா கேட்டார், “இன்னா சொன்னாரு உங்க சாரு?”

“அளவு கொஞ்சம் கொறஞ்சி பூட்சிப்பா. என் தப்புதான். வேற துண்டு குடுத்துக்கீறாரு.”

இவ்வளவு பெரிய பொய்யை அக்கா ஏன் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. போச்சு, தையல்தான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தேன். அவர் சாவகாசமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அதனால இன்னா. மறுக்கா ராவு” என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

தான் போட்ட நிபந்தனையை அப்பா சுத்தமாக மறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் வரை, தையல் மிஷின் சத்தம் கேட்கிற தெரு வழியாக அவரோடு நடக்க நேர்ந்தால், அவருக்கு ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டே போவேன்.