இரண்டடி வேலியும் பார்லிமென்ட் கொடுத்த காணியும்

போன சனிக்கிழமை காலை. எங்கள் பின்வளவில் ஒரு பெண் நின்றார். ஒரேஞ்ச் வெஸ்ட், தலையில் ஹெல்மெட், கையில் பெயின்ட் ஸ்பிரே. பயற்றங்காய்ப் பந்தலுக்கு நடுவால் நீளமாக ஒரு பிங்க் கோடு அடித்தார்.

ரூஜ் என்ற புறநகரில் எங்கள் வீடு. பின்னால் ரயில்பாதை.

"ரயில்வே கம்பனியில் இருந்து வருகிறேன். உங்கள் வேலி எங்கள் காணிக்குள் இரண்டடி நிற்கிறது. கடிதம் போட்டோமே?"

கடிதம் வந்ததுதான். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். மூடினால் பிரச்சினை போய்விடுமா?

வேலியைத் தள்ளிப் போட்டது நான்தான். வீடு வாங்கிய வருடம் பழைய வேலி உக்கிக் கிடந்தது. புதியதை இரண்டடி வெளியே நட்டேன். யாழ்ப்பாணத்தான் வேலி போட்டால் உள்ளுக்கா வரும்?

என் மனைவி மலர் கிச்சன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"உது எங்கட காணி. பதினாலு வருஷமா ஆளுறம். பத்து வருஷம் ஆண்டாலே சொந்தம். உவவுக்குச் சொல்லுங்கோவன்!"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார்.

"எங்கள் ஆட்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆயிரம் வருடமாக ஆள்கிறோம் என்று."

அவர் இந்த நாட்டின் மேற்கே பிறந்த பூர்வகுடிப் பெண். மிச்சத்தையும் சொன்னார். அந்தக் காலத்தில் மேற்கே ரயில் விடப் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டதாம். கம்பனிக்குக் காசு, அதோடு காணி. தண்டவாளம் ஓடும் நிலம் மட்டுமல்ல... இரண்டு பக்கமும் மைல் கணக்கில். கம்பனி துண்டு போட்டு விற்றது.

மலருக்குத் தமிழில் சொன்னேன். முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன். வோட் போடுகிறேன். அந்தப் பார்லிமென்டா?

மலர் விடவில்லை. "பார்லிமென்டுக்கு ஆர் குடுத்தது? கேளுங்கோ."

"ஒப்பந்தம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கையெழுத்துக்குப் பதிலாகப் பேனையைத் தொட்டார்கள். என்ன எழுதியிருந்தது என்று வாசிக்கத் தெரியாது."

எனக்கு லாச்சிக்குள் கிடந்த கடிதம் ஞாபகம் வந்தது.

மலரின் சீதனக் காணி யாழ்ப்பாணத்தில், பலாலிப் பக்கம். ஆமி எடுத்து முப்பது வருடத்துக்கு மேல். காணி உறுதிப் பத்திரம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. காணிக்குள் கால் வைக்க முடியாது. அதற்குப் பிறகு அவள் ஒரு சாண் நிலமும் ஒருவருக்கும் விட்டதில்லை. இந்த இரண்டடியையும் விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"உங்கட காணி திரும்பக் கிடைச்சதோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

"கோர்ட்டில் கிடக்கிறது."

மலர் பிங்க் கோட்டைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கழட்டுங்கோ."

"எதை?"

"வேலியைத்தான். மற்றாக்களின்ர காணியில விளைஞ்சது எனக்கு வேண்டாம்."

சுத்தியல் எடுக்கப் போனேன்.

"நில்லுங்கோ! காயைப் புடுங்கிப்போட்டுக் கழட்டுங்கோ."

ஒரு பை நிறையப் பிடுங்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். எப்படிச் சமைப்பது என்றும் சொன்னாள் — தமிழில்.

பதினாலு வருட வேலி. கழட்டி உள்ளே நட ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

பார்லிமென்ட் தன் வேலியை உள்ளே எடுத்ததாக இதுவரை தகவல் இல்லை.