ஹாஜியாரின் தம்பிலிக் கத்தி

போன கிழமை பாலாவிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் எங்கள் வானை மறித்து, சாரதி ஆசனத்துக்குக் கீழே கைவிட்டு ஒரு கத்தியை வெளியே இழுத்தார். முழங்கை நீளக் கத்தி. முனை சற்று வளைந்திருக்கும். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். பின்னால் ஆறு நோயாளிகள் இருந்தார்கள். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானின் பக்கத்தில் எழுதியிருக்கும் சிறுநீரக நோயாளர் சங்கத்தின் பெயரைப் பார்த்தார். நோயாளி கொண்டுபோகிற வாகனத்தில் இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். செவ்விளநீரை நாங்கள் தம்பிலி என்போம். தம்பிலி வெட்டுகிற கத்தி என்றேன். அதோடு விட்டிருந்தால் போதும். பின் ஆசனத்தில் இருந்த ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து, "ஆனா சேர், இந்த வான்ல யாரும் தம்பிலி குடிக்கிறல்ல" என்று உரத்துச் சொல்லிவைத்தார். அதன் பிறகு பொலிஸ்காரருக்குச் சந்தேகம் தீர்வதற்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. எனக்கு முன்கோபம் உண்டு, ஊரே அறியும். ஆனால் அந்தக் கத்தியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அதன் கதை அவ்வளவு நீளம்.

இந்த வானுக்கு வருவதற்கு முன் நான் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயமும் மிளகாயும் ஏற்றுகிற லொறி ஓட்டினேன். மூட்டை பேசாது, குளிருது என்று சொல்லாது, வழியில் வாந்தி எடுக்காது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர், நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்போம், நாலைந்து பேரைச் சேர்த்துச் சங்கத்தைத் தொடங்கி, யாரோ கொடுத்த ஒரு பழைய வானையும் வாங்கிவைத்துக்கொண்டு சாரதி தேடினார். எத்தாளையிலிருந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கு மூன்று நாள் ஓட வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்களுக்கு மெசினில் இரத்தம் சுத்தம் செய்வார்கள். நாலு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். பஸ்ஸில் இரண்டு தரம் மாறிப் போய்வந்தால் மெசின் கொடுத்த உயிரை பஸ் எடுத்துவிடும். பலர் அதனாலேயே இடையில் விட்டுவிட்டுப் படுக்கையில் விழுந்தார்கள். நான் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் சாவியை வாங்கினேன். இன்னும் அந்தச் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

முதல் மாதமே வந்தவர் ஹாஜியார். வந்தவர் என்று சொல்வது சரியில்லை, வர மறுத்தவர். எங்கள் ஊரில் பெரிய தென்னங்காணிக்காரர். அவருடைய வாசலுக்குப் போனவன் தம்பிலி குடிக்காமல் திரும்பியதாக வரலாறு இல்லை. பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்தவன், வாக்குக் கேட்டு வந்தவன், வழி கேட்டு வந்தவன், எல்லோருக்கும் அவரே கத்தியை எடுத்து நாலு வெட்டில் வாய் திறந்து கையில் தருவார். வேலைக்காரரிடம் விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதருக்குச் சிறுநீரகம் பழுதாகி, மூத்த மகன் வெளிநாட்டில் இருக்க, வைத்தியத்துக்குக் காரையும் விற்று முடிந்த பிறகு, சிஸ்டர் அவர் பெயரை என் பட்டியலில் எழுதினார். இரண்டு நாள் கேற்றடியில் ஹோர்ன் அடித்தேன். கதவு திறக்கவில்லை. மூன்றாவது நாள் நான் இறங்கிப் போய், மற்ற ஐந்து பேரும் பத்து நிமிடமாக வெயிலில் வேகிறார்கள் என்று சத்தம் போட்டேன். ஹாஜியார் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"இது குடுத்த கை, மவன். வாங்கிப் பழக்கமில்ல" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நானும் சும்மா ஓட்டல்ல ஹாஜியார், எனக்குச் சம்பளம் தாறாங்க. நீங்க ஏறாட்டி என்ட வேலைதான் போகும். எனக்காகச் சரி ஏறுங்க" என்றேன். அதில் பாதி பொய். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவர் மாதிரி சிலாபம் வரைக்கும் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். பிரேக் பிடிப்பதில் குறை, கியர் மாற்றுவதில் குறை. இரண்டு கிழமையில் அவர் இல்லாமல் வான் வெறிச்சோடும் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன்.

சிஸ்டர் மாதத்துக்கு ஒரு தரம் வானில் எங்களோடு வருவார். வரும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: இளநீர் வேண்டாம், தம்பிலி வேண்டவே வேண்டாம். அதில் ஒரு சத்து இருக்கிறது, நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், இவர்களுக்கு அது இரத்தத்திலேயே தங்கி நெஞ்சை நிறுத்திவிடும் என்பார். நானும் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அது காதில் விழுந்தாலும் மனதில் விழாது. காய்ச்சலுக்குத் தம்பிலி, அம்மைக்குத் தம்பிலி, பிள்ளை பெற்றவளுக்கும் தம்பிலி. நோயாளியைப் பார்க்கப் போகிறவன் கையில் ஒரு குலை இல்லாமல் போனால் அவன் மனிதனே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரைப் பார்த்துவரலாம் என்று புறப்பட்டேன். வெறுங்கையோடு கேற்றைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. திரும்பிப் போய் என் வீட்டு வளவு மரத்தில் ஒரு குலை இறக்கிக்கொண்டு போனேன். சிஸ்டர் சொல்வது கடைத் தம்பிலியை, மருந்தடித்துப் பசளை போட்டதை, எங்கள் வளவுத் தம்பிலிக்கு என்ன வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அன்று பகல் முழுக்க வந்தவர்கள் கொண்டுவந்த குலைகளை அவர் தொடாமல் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். என்னுடையதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீ சங்கத்து ஆள். நீ தந்தா குடிக்கலாம்தானே" என்றார். ஓம் என்றேன். அவருடைய கத்தியை எடுத்து நானே வெட்டிக் கொடுத்தேன். இரண்டு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

திங்கட்கிழமை விடிய வானைக் கொண்டுபோய் நிறுத்தினால், மனிதரால் எழும்ப முடியவில்லை. கால் தன்னுடையது மாதிரி இல்லை என்றார். நெஞ்சு ஒரு தரம் அடித்து ஒரு தரம் விட்டது, கையை வைத்துப் பார்த்தேன். தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பாலாவி, மதுரங்குளி, முந்தல், எதுவும் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். டொக்டர் குனிந்து என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஹாஜியார் கண்ணைத் திறந்து, "தம்பிலி. வீட்டுக்கு வந்தவங்க கொண்டாந்தாங்க, நான்தான் குடிச்சன்" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் வெளியே போய் வானுக்குப் பின்னால் நின்று அழுதேன். அவர் பிழைத்துவிட்டார் என்று சொன்ன பிறகும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

அடுத்த நாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சாவியை மேசையில் வைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். சிஸ்டர் சாவியை என் பக்கம் தள்ளினார். "இனி இந்த வான்ல தம்பிலியப் பத்தி நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். நீங்க கதைங்க. நீங்க சொன்னாத்தான் சனம் கேட்கும்" என்றார். அன்று தொடங்கிக் கதைக்கிறேன். புதிதாக ஏறுகிற ஒவ்வொருவரிடமும், அவர்களை அனுப்பிவைக்க வருகிற குடும்பத்திடமும், எனக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்வேன். அன்றே இன்னொன்றும் முடிவெடுத்தேன்: இனி என் வாயில் தம்பிலி படாது.

ஹாஜியார் வீட்டுக்கு வந்ததும் பழையபடி சனம் குலையோடு வந்தது. வீட்டார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். வந்தவர் முகம் வாடியது. ஹாஜியார் முகம் அதைவிட வாடியது. மூன்றாம் நாள் அவருடைய மச்சான் வந்தார், கையில் குலை. ஹாஜியார் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, மச்சான் கொண்டுவந்த தம்பிலியையே வெட்டி அவருடைய கையில் திணித்தார். "நீ குடி. என்ட வாசலுக்கு வந்தவன் தாகத்தோட போகப்படாது" என்றார். மச்சான் மிரண்டு போய்க் குடித்தார். ஹாஜியார் எழும்பி நேராக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அதுதான் சட்டம். கொண்டுவரலாம், ஆனால் வந்தவரே குடிக்க வேண்டும், வெட்டுவது அவர்.

இதைக் கேள்விப்பட்டுச் சிஸ்டர் ஒன்றுக்குத்தான் பயந்தார். மெசினுக்கு ஊசி ஏற்றுவது ஹாஜியாருடைய இடது கை நரம்பில். அந்தக் கையில் காயம் பட்டால் பேராபத்து. தம்பிலியை இடது கையில் பிடிக்காமல் எப்படி வெட்டுவது? நான் ஒரு பலாமரக் குற்றி எடுத்து, நடுவில் தம்பிலி அசையாமல் உட்காருகிற அளவுக்குக் குழி தோண்டிக்கொண்டு போய் அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்தேன். இடது கை மடியில் கிடக்க, வலது கையால் மட்டும் வெட்டினார். "லொறிக்காரனுக்கும் மூளை இரிக்கி" என்றார். மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்தால் தன் தாகம் அடங்குகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். ஒரு நாள் வானில் மெதுவாக நான் கேட்டேன், உண்மையா என்று. "எங்க அடங்குது? பொய் செல்றன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்கள் சங்கத்து வீடுகளில் அந்தப் பழக்கம் ஒவ்வொன்றாகப் பரவியது. நோயாளி வெட்டுவார், வந்தவர் குடிப்பார். அதற்குப் பிறகு தம்பிலியால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிற வேலை எனக்கு வரவில்லை. இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அவருடைய கையால் நான் மட்டும் குடிக்கவில்லை. எத்தனை தரம் வெட்டி நீட்டியிருப்பார். வயிறு சரியில்லை என்பேன், நேரமாகிவிட்டது என்பேன், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். ஒரு நாள் நீட்டிய தம்பிலியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வாங்கத் தெரியாத ஆளா இருந்தவன் நான். நீதான் என்ன வான்ல ஏத்தினாய். இப்ப நீ ஒருத்தன்தான் என்ட வாசல்ல குடிக்காமப் போறாய்." அப்போதும் குடிக்கவில்லை. அப்படியே மூன்று நோன்புக் காலம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மெசினுக்குப் போகாத நாளில், தன் கட்டிலில் அமைதியாக மௌத்தானார். ஜனாஸா அடக்கம் முடிந்து கத்தியையும் குற்றியையும் அவருடைய மனைவி என்னிடம் தந்தார். தேவைப்படுகிற ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாராம். மற்ற வீடுகளில் அவரவர் கத்தி இருந்தது. எனக்கும் கொடுக்க மனம் வரவில்லை. குற்றி வானின் பின் ஆசனத்துக்கு அடியிலும், கத்தி என் ஆசனத்துக்குக் கீழேயும் வருடக்கணக்கில் கிடந்தன.

பொலிஸ்காரர் மறித்ததற்கு இரண்டு நாள் கழித்து, பள்ளிவாசல்துறையிலிருந்து புதிதாக வருகிற ஒரு பெண் பாதி வழியில் அழத் தொடங்கினார். கருவாடு போடுகிற குடும்பம். பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். முந்தின நாள் மாமியார் கொண்டுவந்த தம்பிலியில் பாதி குடித்துவிட்டாராம், மறுத்தால் மனம் நோகும் என்று. நல்லவேளை, அன்று மெசின் நாள். என்னால் இனி யாருக்கும் எதுவும் செய்ய முடியாது, வருகிறவர்கள் தருவதைக் குடித்துச் சாகிறதுதான் மிச்சம் என்றார். அவருடைய குரலில் நான் ஹாஜியாரின் மூடிய கதவைக் கேட்டேன். அன்று பின்னேரம் அவரை வீட்டில் இறக்கியபோது நானும் இறங்கினேன். முற்றத்தில் குற்றியை வைத்தேன். கத்தியைத் துடைத்து அவருடைய வலது கையில் கொடுத்தேன். சுவரோரம் மாமியார் கொண்டுவந்த மிச்சக் குலை கிடந்தது. மாமியாரையும் கூப்பிட்டு, இனி இந்த வீட்டில் இவர் வெட்டுவார், நீங்கள் குடிப்பீர்கள் என்று சட்டத்தைச் சொன்னேன்.

முதல் வெட்டு வழுக்கியது. மூன்றாவதில் வாய் திறந்து, பாதித் தண்ணீர் மண்ணில் கொட்டிற்று. மாமியாருக்குத்தான் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் நீட்டினார்.

"நான் குடிக்கிறல்ல தங்கச்சி" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது. "நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "மொதலாவதா வெட்டினது. நீங்களே வேணாமென்டா, நான் இனி யாருக்கு வெட்டுறது?"

வாங்கினேன். வெயிலில் கிடந்த தம்பிலி, வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கில் பட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமையும், மூடிய அந்தக் கண்களும் வந்தன. நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அந்தப் பெண் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த தம்பிலியைக் குற்றிக் குழியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைத் திருப்பிக் கேட்காமல் வானுக்குப் போனேன்.