அண்ணா பூட்டின அகல டயர்

அகல டயரைக் கண்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் லண்டனிலிருந்து வந்த அண்ணா, அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் காருக்கு அகல டயர் பூட்டுவித்தார்.

"பாரம் ஏத்தினா மேலை மட்காட்டுத் தகட்டிலை உரசும் அண்ணா. இதுக்கு ஒடுங்கின டயர்தான் சரி," என்றேன்.

"எடுப்பா இருக்கெல்லோ? பழசுகளை எறி." காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப லண்டன் போய்விட்டார்.

கடைசிச் சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது, அம்மாவையும் வீட்டுச் சாமான்களையும் காரில் ஏற்றி, மேலே சைக்கிளையும் கட்டினேன். கார் பதிந்தது. தருமபுரத்தில் பின்டயர் மட்காட்டில் உரசி உரசியே வெடித்தது. மாற்றுவதற்குப் பழைய டயர் இல்லை. எல்லாவற்றையும் தெருவில் விட்டுவிட்டு, நடக்கமாட்டாத அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினேன்.

வவுனியா அகதி முகாமிலிருந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பான்ரை கார் எங்கை?" என்றார்.

பக்கத்திலிருந்த அம்மா, "என்னையோ கேக்கிறான்? சுகமா இருக்கிறன் எண்டு சொல்லு," என்றா.

"ஓம் அம்மா, உங்களைத்தான் கேக்கிறார்," என்றேன்.